சமையலறையில் ஓர் இறால் பண்ணை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மரக்காணத்துக்குப் பக்கத்துக் கூனிமேட்டிலிருந்து, இறால் குட்டை வைத்திருக்கிற ஹனீபா பாய் போன் செய்தார். வழக்கமாக நான்தான் போன் அட்டை வாங்கி, நம்பரைச் சுரண்டி, ஊருக்குப் பேசுவேன். அவராகவே காசைச் செலவழித்துக் கூப்பிட்டதும், யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்டேன். ஊருக்குள் கடல் அலை வந்துபோன அந்த டிசம்பருக்குப் பிறகு, அங்கிருந்து யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா, பயப்படாத. ஒரே ஒரு விஷயம் கேக்கணும், ஒளிக்காம சொல்லணும். உன் எறா பண்ணை எத்தினி ஏக்கரு?"

நான் இருப்பது பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகர். ஐந்தாவது மாடி. லிஃப்ட் வேலை செய்கிற நாட்களில் ஐந்தாவது மாடி, மற்ற நாட்களில் இமயமலை. ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை. என்னிடம் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. நம் ஊர்த் தண்ணீர்க் குடத்தில் நான்கைந்து குடம் பிடிக்கும். சமையலறையில் மிக்சிக்கும் ரொட்டி டப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் கட்டைவிரல் நகம் நீளத்துக்குச் சிவப்புச் சிவப்பாக இறால்கள், நல்ல தண்ணீரில் வாழ்கிற குட்டி ஜாதி. அவ்வளவுதான் பண்ணை.

இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாய் தொடர்ந்தார்.

"எதுக்குக் கேக்கறேன்னா, நம்ம குட்டையில குஞ்சு விடப் போறோம். உங்க அண்ணன் சவரியைக் கூப்பிடலாமான்னு ஒரு யோசனை. அவரு அங்க வந்து உன் பண்ணையைத் தூக்கி நிறுத்திட்டு வந்ததா இங்க பேசிக்கறாங்க. அது நெசந்தானான்னு உன் வாயால கேட்டுட்டா எனக்குத் திருப்தி."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். "லைன் சரியா கேக்கல பாய், வர்ற ஞாயித்துக்கெழம பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது. அவர் வீட்டுக் கோழி கத்துவதுகூடக் கேட்டது.

இந்த ஒரு வாரமாக எனக்குச் சமையலில் உப்பு சரியாக விழவில்லை. உப்பளத்துக்காரன் பிள்ளைக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம். மண்டைக்குள் இருப்பதை இறக்கி வைக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

இறால் வந்த கதை சாதாரணமானது. எதிர் வீட்டில் முசே ரெனே இருக்கிறார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். புதுச்சேரிப் பெண்ணைக் கட்டியவன் என்பதால், பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்படுகிற 'முசே' எனக்குக் கல்யாணத்தோடு வந்த சொல். ஒருநாள் அவர் ஊறுகாய் பாட்டில் மாதிரி ஒரு பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பாசியும் பத்துப் பன்னிரண்டு சிவப்பு இறாலும் போட்டு, கதவைத் தட்டிக் கொடுத்தார். தன் வீட்டில் பெருகிவிட்டதாம்.

நம் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் இறால் கொடுத்தால் என்ன செய்வோம்? நான் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். என் மனைவி ஃபிலோமினா பாட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "இதை உரிச்சா என்னாங்க மிஞ்சும்?" என்று கேட்டாள். பாட்டிலை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வடை சுட்டு, அதையே பாட்டிலில் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இறால்களை அதுவரைக்கும் சாலட் கிண்ணத்தில் விட்டிருந்தேன். ரெனே வடையைத் தின்றுகொண்டே, அவை வளர்ப்பதற்கு என்று விளக்கினார். மறுநாள் தன் பழைய தொட்டி ஒன்றையும் தூக்கிவந்து வைத்தார்.

நான் பிரெஞ்சில் யாரைப் பார்த்தாலும் 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவேன். அப்படிப் பேசினால் வம்பு வராது என்பது இத்தனை வருடத்தில் கற்ற பாடம். தொட்டியைப் பார்த்து "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று நான் பிரெஞ்சில் கேட்டதைக் கண்டு ரெனே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இறாலிடம் தமிழில் பேசலாம் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். இந்த நாட்டில் பிறந்தவைதானே என்று மனசு முடிவு செய்துவிட்டது.

என் மகள் ஜூலியிடமும் இதே சிக்கல்தான். பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ஊரிலிருந்து போன் வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். ஆனால் தொட்டி வந்த பிறகு சமையலறைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். இரண்டு பேரும் பேசாமல் ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதனால்தான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு வளர்க்கத் தொடங்கினேன்.

3

வினை போனில் வந்தது.

அலைக்குப் பிறகு வாரா வாரம் மரக்காணத்துக்குப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் சில வாரம் பேச எவ்வளவோ இருந்தது. யார் வீடு போனது, யார் படகு எக்கியார்குப்பத்துக் கரையில் யார் வாசலில் கிடந்தது என்று. பிறகு விஷயம் தீர்ந்துபோயிற்று. "சாப்டியா?" "சாப்டேன்." "குளிரா?" "குளிரு." அட்டையில் பாதிக் காசு மிச்சம் இருக்கும். அதை வீணாக்க மனமில்லாமல் ஒருநாள் அண்ணியிடம், "நான் இங்க எறா வளர்க்கறேன்" என்றேன்.

மரக்காணத்தில் ஒருவன் 'எறா வளர்க்கறேன்' என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான். கழுவெளி ஏரி ஓரத்தில் கரை போட்டுக் குட்டை, தண்ணீரைச் சுழற்றியடிக்கிற மோட்டார், மூட்டை மூட்டையாகத் தீவனம், கம்பெனி லாரி. அண்ணி அதைத்தான் புரிந்துகொண்டார். கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வைத்துப் பார்க்கிறவனை எங்கள் கரையில் யாரும் கண்டதில்லை. இறாலை அழகுக்கு வைத்துப் பார்க்கிறவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த வாரம் பேசும்போது ஊரே பேசியது. அனுமந்தையிலிருந்து ஒருவர் தன் மகனுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டார். கோயில் திருவிழாவுக்குப் புதுக் கொடிமரம் என் பேரில் எழுதியாகிவிட்டது. "சின்னதுதான், ரொம்பச் சின்னது" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "பணக்காரன் எல்லாம் அப்படித்தான்பா சொல்லுவான்" என்றார்கள்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒருநாள் சவரி அண்ணன் லைனுக்கு வந்தார். போனில் பேசுகிற ஆளே இல்லை அவர்.

"தம்பி, நான் அங்க வந்து பாக்கலாமா? ஒண்ணும் தொட மாட்டேன். கரையில உக்காந்து பாத்துட்டு வந்துடறேன்."

4

அந்த 'தொட மாட்டேன்' என்ன என்று சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் பக்கம் குட்டையில் குஞ்சு விடுவது ஒரு விசேஷம். பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் வரும். பையைக் கொஞ்ச நேரம் குட்டையில் மிதக்க விட்டு, உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்ததும் அவிழ்ப்பார்கள். முதல் பையைக் கைராசியுள்ள ஆள் அவிழ்க்க வேண்டும். ஒரு காலத்தில் சவரி அண்ணன்தான் அந்தக் கை. சாமி கும்பிடுகிறவர் குட்டையில் கற்பூரம் காட்டியபின், ஹனீபா பாய் குட்டையில் பாத்தியா ஓதியபின், சிலுவை போட்டுக்கொண்டு எங்கள் அண்ணன் இறங்குவார். எல்லோருக்கும் அவர் கை பொது.

பிறகு அவரே உப்பள வேலையை விட்டுவிட்டு ஒரு குட்டை எடுத்தார். ஒரு மத்தியானம் இறாலெல்லாம் மேலே வந்து கண்டபடி சுற்ற ஆரம்பித்தது. வெள்ளைப்புள்ளி நோய். அது வந்துவிட்டால் ஒரே வழிதான், சைஸ் வந்தாலும் வராவிட்டாலும் உடனே அள்ளி ஐஸில் போடுவது. அவர் ஆள் தேடி, வலை தேடி, ஐஸ் தேடி முடிப்பதற்குள் குட்டை அடங்கிவிட்டது. அந்தப் பருவத்தில் கரை நெடுக எல்லாக் குட்டையும்தான் செத்தது, யார் கை விட்ட குட்டையும் தப்பவில்லை. ஆனால் ஊருக்கு ஞாபகம் நின்றது அண்ணன் கை மட்டும்தான்.

யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அண்ணனும் உப்பளத்துக்கே கூலிக்குத் திரும்பினார். கல்யாண வீட்டில் பந்தக்கால் நடக் கூப்பிட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். இறால் தின்பதையும் விட்டுவிட்டார். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வரும். அவர் செய்த தப்பு என்ன என்று யாராவது சொல்லட்டும்.

அப்படிப்பட்ட மனிதர் வருகிறேன் என்கிறார். "சின்னதுண்ணே" என்றேன். "எல்லாரும் சின்னதுலதாண்டா ஆரம்பிக்கறோம்" என்றார். மறுநாளே நகராட்சியில் அழைப்புத் தாளுக்கு எழுதிக் கொடுத்தேன்.

5

விசா வாங்கிய கதையைத் தனியாக எழுதலாம். தூதரகத்தில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "தம்பியோட எறா பண்ணையைப் பாக்க" என்று சொல்லியிருக்கிறார். உடனே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இந்த ஆள் வேலைக்குப் போகிறான் என்று. அவர் வேலைக்கு வரவில்லை, பண்ணை என்று ஒன்று இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அது போக, விருந்தாளி தங்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் டேப்போடு வந்தார். ஒவ்வோர் அறையாக அளந்தார். சமையலறைக்கு வந்தவர் தொட்டி முன்னால் குனிந்தார். "இவை என்ன?" என்றார். நான் வேர்த்துப்போய், "நீங்கள் பார்ப்பது பண்ணை அல்ல" என்றேன். அவர் அப்படி ஒன்றும் கேட்கவே இல்லை. போகும்போது பாட்டிலில் நாலு இறால் வாங்கிக்கொண்டு போனார். அழைப்புத் தாள் சீக்கிரம் வந்துவிட்டது.

பிப்ரவரிக் கடைசியில் அண்ணன் வந்து இறங்கினார். என் பழைய கோட்டு அவருக்கு முழங்காலைத் தாண்டியது. பெட்டியைச் சுங்கத்தில் பிரித்துவிட்டார்களாம். உள்ளே அண்ணி கொடுத்த கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை. ஒரு வீச்சு வலை இருந்தது. குட்டையில் வீசி இறாலின் வளர்த்தி பார்ப்பதற்கு என்று மரக்காணத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறார்.

அன்று பனி கொட்டியிருந்தது. நடைபாதையில் நகராட்சி ஆள் மண்வெட்டியால் எதையோ வாரி இறைத்துக்கொண்டு போனான். அண்ணன் நின்றார். குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி நாக்கில் வைத்தார்.

"டேய் ஞானம். உப்புடா இது."

"ஆமாண்ணே. வழுக்காம இருக்கப் போடறாங்க."

"தெருவுலயா?" நடைபாதை நெடுகிலும் பார்த்தார். "நம்ம அப்பா இதைப் பாத்தாருன்னா செத்துருவாருடா."

"அப்பா செத்துட்டாருண்ணே."

"நல்ல வேளை" என்று சொல்லிவிட்டு, அந்தக் கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

6

வீட்டுக்குள் வந்ததும் டீகூடக் குடிக்கவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

"எங்கண்ணே?"

"பண்ணைக்கு."

நான் சமையலறையைக் காட்டினேன். வலையோடு உள்ளே போனார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார், அங்கே கதவு ஏதாவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னமோ. பிறகு மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் சின்னதுன்னு சொன்னேன்ல."

"சின்னதுன்னா அரை ஏக்கருடா." வலையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஊர்ல நான் என்னா சொல்லுவேன்?" என்றார்.

இரண்டு நாள் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணி போனில், "பண்ணை எப்படி இருக்குது?" என்று கேட்டபோது நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் ரிசீவரை வாங்கினார். "தண்ணி தெளிவா இருக்குது. எறா நல்ல கலரா இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதில் பொய் எதுவும் இல்லை.

அன்று மாலைதான் எழுந்துபோய்த் தொட்டி முன்னால் நின்றார். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பே இல்லாம எப்படிடா எறா உயிரோட இருக்குது?" என்று அலுத்துக்கொண்டார். அன்றைக்கே ஜூலி உப்பு ஜாடியைத் தூக்கித் தன் அறையில் ஒளித்து வைத்துவிட்டாள். ஃபிலோமினா சாம்பாருக்கு உப்பு வேண்டும் என்றால் அவளிடம் அனுமதி கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஆனால் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். அவள் பள்ளியிலிருந்து வரும்வரை அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருப்பார். தீவனம் போடச் சொல்லி அவள் டப்பாவை நீட்டினால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஏன் என்று அவள் என்னிடம் கேட்டாள். கைராசிக்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. "அவர் கை நல்லாயில்லை" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் அவள் மூட்டுவலித் தைலம் வாங்கிவந்து பெரியப்பா கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் ஒன்றும் புரியாமல் காட்டிக்கொண்டிருந்தார்.

7

ஒரு புதன்கிழமை. காலையில் நான் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஃபிலோமினா சலவைக் கடைக்கு, ஜூலி புதன்கிழமை அரைநாள் பள்ளியில் நீச்சலுக்கு. அண்ணன் தனியாக இருந்தார்.

பதினொரு மணி வாக்கில் இறால்கள் பாசியை விட்டுக் கிளம்பின. எப்போதும் தரையில் மெதுவாக மேய்கிற பிராணிகள், மேலும் கீழுமாக, கண்ணாடியில் முட்டிக்கொண்டு, தொட்டி முழுக்கச் சுற்றின. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் குட்டை செத்த அன்றைக்கு இதைத்தான் பார்த்தார்.

முதலில் என் வேலை இடத்துக்குப் போன் செய்திருக்கிறார். எங்கள் மேற்பார்வையாளர் அம்மாள் எடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் யாரோ ஓர் ஆள் அழுகிற குரலில் ஏதோ சொல்லிவிட்டு வைத்ததாகவும், என் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்றும் சொல்லி என்னை அனுப்பிவைத்தார். நான் பாதிக் கத்தரிக்காயோடு கிளம்பினேன்.

வீட்டில் அண்ணன் அவசர அறுவடை செய்து முடித்திருந்தார். டீ வடிகட்டியால் ஒன்று விடாமல் அள்ளி, சோறு வடிக்கிற சட்டியில் தொட்டித் தண்ணீரோடு போட்டு, ஐஸ் கிடைக்காததால் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டார். நான் நுழைந்தபோது தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. ஜூலி எனக்கு முன்னாலேயே வந்து, எதிர் வீட்டு ரெனேவையும் செருப்புகூட மாற்ற விடாமல் இழுத்து வந்திருந்தாள்.

"நான் தொடவே இல்லடா தம்பி, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அண்ணன். "என் கண்ணு பட்டாலே போதும்போல இருக்குது."

ரெனே விவரம் கேட்டார். தண்ணீர் மாற்றியதையும் அவை சுற்றியதையும் சொன்னோம். அவர் முகம் மாறியது, சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஜூலியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ஜூலி பெரியப்பா எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் தமிழில் தொடர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"பெரியப்பா, அது நோய் இல்ல. அது கல்யாணம். ஒரு பொண்ணு எறா பழைய ஓட்டைக் கழட்டிடுச்சு. தண்ணியில வாசனை வருது. பசங்க எல்லாரும் எங்க எங்கன்னு தேடறாங்க. அவ்ளோதான்."

அண்ணன் அவளையே பார்த்தார். அத்தனை வருடம் இறாலோடு கிடந்தவர்தான். ஆனால் குட்டைக்காரன் குஞ்சைப் பையில் வாங்குகிறான், வளர்ந்ததை லாரியில் ஏற்றுகிறான். கல்யாணமும் பிரசவமும் பொரிப்பகத்தில் நடக்கிற காரியம். அவர் அதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

"அப்ப நான் கல்யாண வீட்டுக்குள்ள பூந்து, ஜனத்தை எல்லாம் அள்ளி ஐஸ் பெட்டியில போட்டுட்டேனா?" என்றார்.

ரெனேவுக்கு ஜூலி அதை மொழிபெயர்த்ததும் அவர் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சட்டியை எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒருக்களித்துக் கிடந்தன. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நான் சட்டியைத் தூக்கப் போனேன். ஜூலி தடுத்தாள். "அவரு எடுத்தாரு. அவருதான் விடணும்."

"வேணாம்மா, என் கை..."

"தைலம் போட்டாச்சே" என்றாள்.

அண்ணன் எழுந்தார். சட்டியை வாங்கி, தொட்டித் தண்ணீரில் பாதி முங்குகிற மாதிரி மிதக்கவிட்டுப் பிடித்துக்கொண்டார். உள்தண்ணீர் வெளித்தண்ணீர் சூட்டுக்கு வரட்டும் என்று காத்தார்.  பிறகு ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு, மெதுவாகச் சட்டியைச் சாய்த்தார். இறால்கள் இலை மாதிரி அடியில் போய் விழுந்தன. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பெரியப்பா, காலு" என்றாள் ஜூலி.

ஒரு கால் ஆடியது. பிறகு மீசை. பிறகு ஒன்று நிமிர்ந்து நின்று, ஒன்றும் நடக்காதது போல் பாசியை மேய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அத்தனையும் எழுந்துவிட்டன. வெறும் குளிர்தான், இந்த ஊர் நமக்குச் செய்வதைத்தான் அவற்றுக்கும் செய்திருக்கிறது. ஒரே ஒரு கிழடு மட்டும் எழவில்லை. அது கல்யாணத்துக்கு முந்தியே சாகக் கிடந்தது என்று ரெனே தீர்ப்பு சொன்னார். அண்ணன் நம்பவில்லை. கறிவேப்பிலைச் செடித் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தார்.

8

அதற்குப் பிறகு அண்ணன் தொட்டியை விட்டு அசையவில்லை. சில பெட்டைகளின் வயிற்றடியில் மஞ்சளாக முட்டை தெரிய ஆரம்பித்தது. அவை முட்டையைக் கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். "பாரேன், ஒரு நிமிஷம் ஓயல அவ" என்பார். தீவனத்தை இப்போது அவரேதான் போட்டார். எவ்வளவு போட வேண்டும் என்பதில் அவருக்கும் ஜூலிக்கும் தினமும் சண்டை. அவர் மூட்டைக் கணக்கில் பழகியவர், அவளோ கடுகளவுக்கு மேல் விடமாட்டாள். அந்தச் சண்டை முழுக்கத் தமிழில் நடந்தது. நான் குறுக்கே போகவே இல்லை.

வீச்சு வலையைப் பால்கனியில் கட்டினார். புறா வருவது நின்றுவிட்டது. ஃபிலோமினா அந்தப் பண்ணையால் கண்ட ஒரே லாபம் அதுதான்.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் விரலை உதட்டில் வைத்தார். "செருப்பை மெதுவா கழட்டு. வந்துட்டாங்க."

குனிந்து பார்த்தேன். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு பாசியில் தூசி நகர்ந்தது. தாயைப் போலவே அச்சு அசலாக, மீசையும் காலும் முளைத்து, எறும்பைவிடச் சின்னதாக, எங்கே பார்த்தாலும் குஞ்சு. அண்ணன் அழுதார். அவர் அதை மறைக்கவும் இல்லை. "என் கை விட்டதுடா" என்றார். "நான் விட்டது பெருகியிருக்குதுடா."

விசா முடிந்து ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் ஜூலி அவர் கையை விடவில்லை. அந்த உப்புக் கல்லை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் கேட்டவர்களுக்கு அவர் சொன்னது இவ்வளவுதான் என்று அண்ணி சொன்னார்: "நான் போனப்ப கொஞ்சம் இருந்துது. வரும்போது நெறைய இருந்துது." மற்றதை மரக்காணம் தானே கட்டிக்கொண்டது.

9

ஆக, ஹனீபா பாய் கேள்விக்கு நான் என்ன சொல்வது? பண்ணை இல்லை என்றால் அண்ணனைக் கூப்பிட மாட்டார். இருக்கிறது என்றால், தன் தலையை அடகு வைத்துக் குட்டை போடுகிற ஒரு நல்ல மனிதரை ஏமாற்றினவன் ஆவேன். "பொய்யும் சொல்லாதீங்க, உண்மையும் சொல்லாதீங்க" என்றாள் ஃபிலோமினா. புதுச்சேரிக்காரர்களுக்கு அது கைவந்த கலை. எனக்கு வராது.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது என் இரண்டு கையிலும் வடை மாவு. குளியலறைக்கு ஓட வேண்டிய ஜூலி, ரிசீவரை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு, ஞானத்தோட பொண்ணாம்மா? அத்தா இல்லியா? சரி, நீயே சொல்லு. உங்க பண்ணையில பெரியப்பா என்னா செஞ்சாரு?"

நான் மாவுக் கையோடு ஓடிவந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பெரியப்பா முதல்ல தொட மாட்டேன்னாரு. அப்புறம் ஒருநாள் எல்லாம் செத்த மாதிரி படுத்துடுச்சு. பெரியப்பா கையால தண்ணியில விட்டாரு. எல்லாம் எழுந்துடுச்சு."

"எல்லாமேயா?"

"ஒண்ணு மட்டும் எழல. அது ரொம்ப வயசானது."

"இப்ப எவ்ளோ இருக்குதும்மா?"

"எண்ண முடியல. நான் டெய்லி ட்ரை பண்றேன்."

 அந்தப் பக்கம் கோழி கத்தியது. "சரிம்மா, அத்தாகிட்ட சலாம் சொன்னேன்னு சொல்லு" என்று பாய் வைத்துவிட்டார். ஏக்கரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஜூலி நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.

இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுது, எவன் படிக்கப் போறான்" என்றார். சரி என்று எழுதி மடித்து வைத்திருந்தேன். நேற்று மறுபடியும் அவர் போன், யாருடையதோ செல்போனிலிருந்து. காற்று இரைந்தது, மோட்டார் தண்ணீரை அடிக்கிற சத்தம், ஆட்கள் பேச்சு. ஹனீபா பாய் குட்டைக் கரை.

"தம்பி, மொதப் பை அவுத்துட்டேன்" என்றார். மூச்சு வாங்கியது. "கை ஈரம்கூட இன்னும் காயல."

 பக்கத்தில் நிறையப் பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டார்.

"அங்க நம்ம பண்ணை எப்படிடா இருக்குது?"

மிக்சிக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குதுண்ணே" என்றேன். "நீ வந்து பாத்துட்டுப் போன மாதிரியே இருக்குது."